ஆட்டத்துக்கும் ஒரு செக்ரோல்

இரவுச் சாப்பாடு முடிந்து நாம் சற்று உட்காரும் நேரத்தில், நம் வீடுகளில் இப்போது ஒரு புதுச் சத்தம் கேட்கிறது. "அடி, அடி! தள்ளி நில்லு!" என்று அறைக்குள்ளிருந்து பிள்ளை கத்துகிறான். "யாரோடுடா சண்டை?" என்று அம்மா பதறிப்போய்க் கேட்டால், "ஆட்டம்மா!" என்று பதில் வருகிறது. புக்கிட் பெலிம்பிங் ஆனாலும், ஈஜோக் ஆனாலும், தஞ்சோங் காராங் ஆனாலும், கைப்பேசியும் கணினியும் நுழைந்த வீடுகளில் இது அன்றாடக் காட்சிதான். சிறிது நேரம் கழித்து அதே பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறான். "நான் சரியா அடிக்கலன்னு குழுவிலிருந்து எடுத்துட்டாங்கம்மா" என்கிறான்.

விளையாட்டுத்தானே என்று நாம் சிரித்துவிடலாம். பிள்ளைக்கு அது சிரிப்பாக இல்லை. தன்னை ஏன் விலக்கினார்கள் என்று அவனுக்கே விளங்கவில்லை. அதற்கு விடை ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அது எங்கே இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், இது என்ன ஆட்டம்? திருவிழாக் கூத்தில் வேடம் கட்டுகிறார்கள் அல்லவா? அதைப் போல இணையத்தில் ஒவ்வொருவரும் ஒரு வேடம் பூண்டு, பல நாட்டாரோடு சேர்ந்து ஆடும் ஆட்டம் இது. 1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்ட், 2004-இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகியவை இவ்வகையில் பேர்பெற்றவை. பெரிய அரக்கன் ஒருவனை வீழ்த்த 20 பேர்கூட ஒன்றுசேர்வார்கள். அரக்கனின் அடியை முன்னால் நின்று தாங்குபவர் சிலர்; காயத்தை ஆற்றுபவர் சிலர்; மற்றவர்களின் வேலை அடிப்பது. அந்த அடியைப் பிள்ளைகள் 'டேமேஜ்' என்கிறார்கள். ஒரு விநாடிக்கு எவ்வளவு டேமேஜ் என்பதே அடிப்பவரின் திறமைக்கு அளவு.

இந்தச் சண்டையில் நடப்பதை ஆட்டமே எழுதி வைக்கக்கூடியது. வார்கிராஃப்டில் அதற்கான கட்டளையைக் கொடுத்துவிட்டால், எத்தனை மணி எத்தனை நிமிடம் எத்தனையாவது விநாடியில், யார், யாரை, எந்த வித்தையால், எவ்வளவு அடித்தார் என்று வரி வரியாகக் கணினியில் ஒரு கோப்பு உருவாகும். அதுதான் சண்டைக் குறிப்பு. நம் பாஷையில் சொன்னால், அது ஆட்டத்தின் செக்ரோல்.

செக்ரோல் என்றதும் எங்கள் வீட்டுக் கதை ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் பாட்டி பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் லயத்துச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார். ஒரு மாதம் சம்பளத்தில் இரண்டு நாள் குறைந்தது. பாட்டி சண்டை போடவில்லை, அழவும் இல்லை. எந்தெந்த நாள் எந்த நிரையில் வெட்டினேன் என்று விரல்விட்டுச் சொன்னார். கிராணி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். விட்டுப்போன இரண்டு நாளும் சேர்க்கப்பட்டன. தன் கணக்கைத் தானே வைத்திருந்ததால் பாட்டிக்குக் கிடைத்த நியாயம் அது.

அந்தச் சுவர்க் கோட்டுக்கு இருந்த பயன்தான் இந்தச் சண்டைக் குறிப்புக்கும் உண்டு. "நான் நன்றாகத்தான் அடித்தேன்" என்று பிள்ளை சொல்கிறான். "நீ அடிக்கவில்லை" என்று குழு சொல்கிறது. இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் குறிப்பைப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சண்டை 5 நிமிடம், அதாவது 300 விநாடி நடந்தது. நம் பிள்ளையின் மொத்த அடி 60 இலட்சம். 300-ஆல் வகுத்தால் விநாடிக்கு 20,000. மற்றவர்களோ 30,000 அடித்திருக்கிறார்கள். உடனே பிள்ளை என்ன நினைப்பான்? "என் வாள் நல்ல வாள் இல்லை, காசு போட்டு வேறு வாங்க வேண்டும்" என்பான். பணப்பையைத் திறப்பதற்கு முன் குறிப்பைத் திறப்போம்.

முதல் கேள்வி: கடைசிவரை உயிரோடு இருந்தானா? குறிப்பில் பார்த்தால் 240-ஆவது விநாடியில் விழுந்துவிட்டான். உயிரோடிருந்த 240 விநாடிக்குக் கணக்கிட்டால் விநாடிக்கு 25,000 அடித்திருக்கிறான். மிச்சமிருந்த 60 விநாடியும் நின்று அடித்திருந்தால் இன்னும் 15 இலட்சம் சேர்ந்திருக்கும். ஆக, பாதிக் குறை கையிலே இல்லை, காலிலே இருக்கிறது. தரையில் தீ மூண்ட இடத்தை விட்டு அவன் நகரவில்லை. எந்த அடியால் விழுந்தான் என்பதையும் குறிப்பு சொல்லிவிடும்.

இரண்டாவது கேள்வி: கை சும்மா இருந்ததா? பல வேடங்களுக்கு ஒரு வித்தைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை விநாடி வேண்டும். 240 விநாடியில் 160 தடவை அடிக்க இடமுண்டு. நம் பிள்ளை 128 தடவைதான் அடித்திருக்கிறான். 32 தடவை கை சும்மா இருந்திருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வீண். ஓடும்போதும், அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும்போதும் இப்படிக் கை நின்றுபோகிறது. அனுபவப்பட்டவர்கள் ஓட வேண்டிய நேரத்தை முன்னமே அறிந்து, ஓடிக்கொண்டே செய்யக்கூடிய வித்தையை அதற்கென்று மிச்சம் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது கேள்வி: பெரிய வித்தையை எப்போது எடுத்தான்? 2 நிமிடத்துக்கு ஒரு முறையே கிடைக்கும் வித்தை என்றால், 5 நிமிடச் சண்டையில் தொடக்கத்திலும், 2-ஆவது நிமிடத்திலும், 4-ஆவது நிமிடத்திலுமாக மூன்று முறை எடுக்கலாம். "நல்ல சமயம் வரட்டும்" என்று 1 நிமிடம் 10 விநாடிவரை பூட்டி வைத்தால் இரண்டே முறைதான் கிடைக்கும். அரக்கன் பலவீனப்படும் நேரம் தெரிந்திருந்தால் காத்திருப்பதில் நியாயம் உண்டு. தெரியாமல் காத்திருப்பது நஷ்டம்.

நான்காவது கேள்வி: மெல்ல எரியும் நெருப்பு, மெல்ல ஏறும் நஞ்சு போன்ற வித்தைகள் அரக்கன் மேல் எவ்வளவு நேரம் இருந்தன? 240 விநாடியில் 168 விநாடி என்று குறிப்பு சொன்னால், அது நூற்றுக்கு 70. மீதி நேரம் அடுப்பு அணைந்து கிடந்தது என்று பொருள்.

இந்த நான்கில் ஒன்றுக்காவது புது வாள் வேண்டியிருந்ததா? இல்லையே!

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மொத்த எண்ணை மட்டும் பார்த்து யாரையும் எடை போடக்கூடாது. பால் நிறுக்கும் இடத்தில் வாளியின் கனத்தை மட்டுமா பார்த்தார்கள்? மிதவைக் கருவியை விட்டு, பாலில் கெட்டி ரப்பர் எவ்வளவு என்றும் பார்த்தார்கள். தண்ணீர் கலந்த பால் கனக்கும், ஆனால் ரப்பர் ஆகாது. ஆட்டத்திலும் அப்படித்தான். அடிக்கத் தேவையில்லாத சின்னப் பூதங்களைக் கூட்டமாக அடித்து எண்ணை உயர்த்திக் காட்டுவோர் உண்டு. அரக்கனோ அசையாமல் நிற்பான்! இன்னொருவர், குழு சொன்னபடி, அரக்கனின் மந்திரத்தைத் தடுக்கவும் ஆபத்தான இடத்தில் போய் நிற்கவும் தம் நேரத்தைக் கொடுத்திருப்பார். அவருடைய எண் குறைவாக இருக்கும். அவர் இல்லாவிட்டால் குழுவே விழுந்திருக்கும்.

வார்கிராஃப்ட் லாக்ஸ் என்னும் தளம் இந்தக் குறிப்புகளை வாங்கி, வெற்றி பெற்ற சண்டைகளை ஒப்பிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும் நிறமும் தருகிறது. 25-க்குக் கீழே சாம்பல், அதற்கு மேல் பச்சை, 50-இலிருந்து நீலம், 75-இலிருந்து ஊதா, 95-இலிருந்து ஆரஞ்சு. 99 இளஞ்சிவப்பு; 100 பொன்னிறம். ஒருவர் 75 வாங்கினால், அதே வேடத்தில் அதே அரக்கனை வென்ற பதிவுகளில் நூற்றுக்கு 75 அவருக்குக் கீழே என்று அர்த்தம். சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பிள்ளை குன்றிப்போக வேண்டாம். தன்னை ஒத்த ஆயுதமும் தன்னை ஒத்த சண்டை நேரமும் உள்ள ஒருவரின் குறிப்பை எடுத்து, முதல் 30 விநாடியை மட்டும் தன்னுடையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். வித்தியாசம் அங்கேயே தெரியத் தொடங்கும்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் விதி வேறு. ஃபைனல் ஃபேன்டசி 14 என்னும் ஆட்டத்தை நடத்துவோர் வெளிக்கருவிகளை அனுமதிப்பதில்லை. ஆகவே விதியைப் படித்த பிறகே எதையும் பொருத்த வேண்டும்.

"எங்கள் பிள்ளையிடம் கணினி ஏது, கைப்பேசிதானே?" என்று கேட்பீர்கள். கைப்பேசியில் ஆடும் மொபைல் லெஜண்ட்ஸ் வேறு வகை ஆட்டம். ஐவருக்கு ஐவர் மோதுவது. அதிலும் ஆட்டம் முடிந்ததும், யார் எவ்வளவு அடித்தார், எவ்வளவு அடி வாங்கினார் என்ற பட்டியல் வருகிறது. நடந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டும் பார்க்கலாம். நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் குழு 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த அனைத்துலகப் போட்டியில் பிலிப்பீன்ஸ் குழுவை 4-க்கு 3 என்ற கணக்கில் வென்று கிண்ணம் வாங்கியது. ஒரே ஒரு ஆட்ட வித்தியாசம்! அந்த அளவு நெருக்கமான போட்டியில் சின்னத் தவறும் பெரிய விலை கேட்கும்.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். பிள்ளை தோற்று வந்தால், "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று கேட்பதற்கு முன், "குறிப்பில் என்ன இருக்கு, காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். வகுத்தலும் விழுக்காடும் அவன் வாயாலேயே வரும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு குறையைத் திருத்தினால் போதும் என்று சொல்லுங்கள். விளையாடும் நேரத்தையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதும் ஒரு கணக்குத்தானே? தூக்கம் கெட்ட கை விரைந்து அடிக்காது. காலையில் பள்ளிப் பேருந்தும் காத்திருக்காது.

நம் முன்னோரின் உழைப்பைப் பெரும்பாலும் பிறர்தாம் எழுதி வைத்தார்கள். நம் பிள்ளைகள் தங்கள் கணக்கைத் தாங்களே படிக்கப் பழகட்டும். ஆட்டத்தில் பழகிய அந்தக் கண், நாளை சம்பளச் சீட்டையும் கடன் பத்திரத்தையும் படிக்கும்போது ஏமாறாது.