நவம்பரிலேயே தொடங்கும் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, வீடே ஆராதனைக்குக் கிளம்பி நிற்கும்போதும் அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பெண்களுக்குப் பண்டிகை எப்போது? வேலைகளை முன்கூட்டியே முடித்தால்தான்.

நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபயறை வாசம் வர வறுத்துத் திரித்து, வெல்லப்பாகும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரிக்க ஒரு பகல் முழுக்க வேண்டும். தேங்காயை ஈரம் போகச் சிவக்க வறுத்துச் சேர்த்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். அதனால் டிசம்பர் 20ஆம் தேதியே முடித்துவிடலாம். அச்சு முறுக்கும் அப்படித்தான். கேக் பழங்களை ரம்மில் ஊறப்போடுபவர்கள் நவம்பரிலேயே போடலாம். திராட்சைச் சாறு என்றால் ஃபிரிட்ஜில் ஓரிரு நாள் போதும்.

தையல்காரரிடம் துணியையும் நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். பரணிலிருக்கும் ஸ்டார் விளக்கை இறக்கி வயரைப் பாருங்கள். எலி கடித்திருந்தால் புது வயர் மாற்றுங்கள். கேரல் குழு என்றைக்கு வருகிறது என்று சபையில் கேட்டு வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இத்தனை வேலையும் ஒருத்தர் தலையில் விழக் கூடாது. கொத்து உருட்டப் பிள்ளைகளையும் பொரித்தெடுக்க ஆண்களையும் கூப்பிடுங்கள். 24ஆம் தேதி மாலையே அடுப்பை அணைத்துவிட்டு, எல்லோரும் ஒன்றாகக் கோயிலுக்குப் புறப்படுங்கள்.