கயிறு பிடித்த கையும் கணினித் திரையும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் கரையூர்களுக்கு எதிரே முத்துப் பார்கள் கிடக்கின்றன. தேசாதிபதி பிரெடரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துச் சலாபத்தை மேற்பார்வையிடக் கட்டுவித்த மாளிகையின் சிதைவு அரிப்புக் கரையில் இன்றும் காணப்படுகின்றது. 1905ஆம் ஆண்டின் பெருஞ் சலாபத்துக்குப் பின் அத்தொழில் விரைவில் நலிந்தது. இன்று அது வரலாறு. ஆயினும் அப்படகுகளில் நிலவிய வேலையொழுங்கு இக்காலக் கணினித் துறையின் ஒரு முக்கிய விதியைத் தெளிவாக விளக்கவல்லது.

குளிப்பவர் கல்லின் துணையால் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பியைக் கூடையில் சேர்ப்பார். பின் கயிற்றை அசைப்பார். மேலே கயிறு பிடித்து நிற்பவர் அக்கணமே இழுத்தல் வேண்டும். அசைவு எப்போது வருமென்பதை அவர் முன்கூட்டி அறியார்; வந்தபோது தாமதிக்கவும் அவருக்கு உரிமையில்லை. சிப்பிகளை எண்ணும் நீண்ட வேலையோ கரையில் வேறு ஆட்களால் நடைபெற்றது. கயிறு பிடித்தவரே எண்ணிக்கையிலும் ஈடுபட்டிருப்பின், கீழே ஓர் உயிர் போயிருக்கும்.

கணினித் திரையில் தோன்றும் சாளரத்தின் பின்னாலும் இத்தகைய ஒரு கை உண்டு. 1984இல் வந்த மக்கின்டொஷ், 1985இல் வந்த விண்டோஸ் முதலியவற்றின் நிரல்கள், பயனர் செய்வதை எதிர்நோக்கிக் காத்திருக்கும் முறையில் அமைந்தவை. விசையை அழுத்துவதும் சுட்டியைச் சொடுக்குவதும் தனித்தனி நிகழ்ச்சிகள். அவை ஒரு வரிசையிற் சேர்கின்றன. நிரலின் முதன்மை இழை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, உரிய செயலைச் செய்து, மீண்டும் வரிசைக்குத் திரும்புகின்றது. திரையை வரைவதும் அவ்விழையின் பொறுப்பே.

அவ்விழையிலேயே ஒரு பெரிய கோப்பைப் படிக்கும் வேலையோ, தொலைவிலுள்ள கணினியின் மறுமொழிக்குக் காத்திருக்கும் வேலையோ வைக்கப்படின் நேர்வது யாது? வரிசை நீள்கின்றது, திரை உறைகின்றது. ஐந்து விநாடி வரை நிகழ்ச்சிகளை எடுக்காத சாளரத்தை விண்டோஸ் ‘பதிலளிக்கவில்லை’ என்று குறிக்கின்றது. இயந்திரம் செத்ததென்று எண்ணிப் பயனர் அதனை நிறுத்திவிட, சேமிக்காத எழுத்தெல்லாம் அழிகின்றது. உண்மையில் இயந்திரம் சாகவில்லை. கயிறு பிடிக்க வேண்டிய கை வேறிடத்தில் இருந்தது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ஒரு நிரல் இவ்வாறு நின்றால் ஏனைய நிரல்களும் உடன் நின்றன. 1995இல் வந்த பதிப்பே புதிய நிரல்களை அவ்விடரிலிருந்து பெரிதும் விடுவித்தது.

இதற்குப் பரிகாரம் ஒத்தியங்கா முறை எனப்படும். காத்திருக்க வேண்டிய வேலையைத் தொடங்கிவைத்து, அது முடிந்ததும் செய்ய வேண்டியதைக் குறித்துவிட்டு, முதன்மை இழை வரிசைக்குத் திரும்பிவிடும். முடிவு வந்ததும் அதுவும் ஒரு நிகழ்ச்சியாக அதே வரிசையிற் சேரும். 2012இல் சி ஷார்ப் மொழி ‘எசிங்க்’, ‘அவெய்ட்’ என்னும் இரு சொற்களால் இதனை எளிதாக்கியது. ஆயினும் காத்திருத்தல் வேறு, கணித்தல் வேறு. நெடுங் கணக்கைச் செய்ய வேறோர் இழையே வேண்டும். கரையில் எண்ணுவோர் தனியாட்களாக இருந்ததும் இதுபோன்றதே.

இம்முறையிலும் எச்சரிக்கை தேவை. முதலில் இறங்கியவரே முதலில் ஏறுவார் என்பதில்லை. அதுபோல முதலில் கேட்ட கேள்விக்கே முதலில் விடை வருமென்பதுமில்லை. எந்த விடை எந்தக் கேள்விக்குரியது என்பதை நிரல் அறிந்திருத்தல் வேண்டும். விடை வருமுன் பயனர் சாளரத்தை மூடிவிட்டால், அவ்வேலையைக் கைவிடவும் வழி வேண்டும். வேலை தவறிப்போயின் அச்செய்தியும் மேலே வந்தாக வேண்டும். அசையாத கயிற்றைக் கண்டு குளிப்பவர் நலமாயிருக்கிறார் என்று கொள்ளலாகாது.

இஃது எழுத்து வேலைக்கு மட்டும் உரியதன்று. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைத் தொகுதியில் முப்பது காற்றாலைகள் உள்ளன. அவற்றின் மொத்த ஆற்றல் 103.5 மெகாவாட்டு. இத்தகைய தொகுதியில் காற்று எக்கணம் மாறும், எந்த இயந்திரம் எச்சரிக்கும் என்று எவரும் வரிசைப்படுத்திச் சொல்ல இயலாது. அங்கே கண்காணிக்கும் திரை ஒரு பழைய அறிக்கையைத் தயாரித்துக்கொண்டு உறைந்திருக்குமாயின், புதிய எச்சரிக்கை வரிசையிலேயே கிடக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் அமைதியாகவே தோன்றும்.

ஆகவே நிரல் எழுதக் கற்கும் இளைஞர் மனத்திற் கொள்ளத்தக்க விதி ஒன்றுண்டு: அழைப்பை ஏற்க நிற்பவர் மீது நீண்ட வேலையைச் சுமத்தலாகாது. வேகமான இயந்திரம் வாங்குவதால் மட்டும் இக்குறை தீராது. வேலையைப் பகுத்து வைக்கும் ஒழுங்கினாலேயே அது தீரும்.