சத்தம் சக்தியாகுமா?

(மோட்டார் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் என்னவென்றால், மோட்டார் காருக்குத் தொழிற்சாலையார் வைத்த காற்றுக் குழாயையும் சைலென்சரையும் கழற்றிப் போட்டுவிட்டு, கடைகளில் தனியாக விற்கப்படும் வேறு ஏர் பில்டரையும் வேறு சைலென்சரையும் மாட்டிக்கொண்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்றும், வண்டிக்குச் சக்தி கூடும் என்றும் சொல்லப்படுவதில் எவ்வளவு உண்மை இருக்கின்றது என்பதேயாகும்.

இது ஒரு பெரிய விஷயமா என்று சிலர் நினைக்கக்கூடும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒரு தோழர், பெட்ரோல் செலவு குறையும் என்று நம்பிக் கடன் வாங்கிப் பத்தாயிரம் பதினைந்தாயிரம் ரூபாயை இதில் கொட்டுவாரானால் அது அவருக்குச் சிறிய விஷயமல்ல. அந்த வண்டி போடும் சத்தத்தையும் கக்கும் புகையையும் அனுபவிக்கிறவர்கள் அதை விற்றவருமல்ல, வாங்கியவருமல்ல. தெருவோரத்தில் குடியிருப்பவர்களும், நடந்து போகிறவர்களும், தொட்டிலில் தூங்கும் குழந்தைகளுமேயாவார்கள். ஆதலால் இதை நாம் நன்றாய் யோசித்துப் பார்க்கவேண்டியது அவசியமாகின்றது.

விற்கிறவர்கள் சொல்லும் காரணம் என்ன? எஞ்சினும் மனிதனைப் போலவே மூச்சு விடுகின்றது. தொழிற்சாலையார் அதன் மூக்கையும் வாயையும் பாதி அடைத்து வைத்திருக்கிறார்கள். அடைப்பை எடுத்துவிட்டால் அது தாராளமாய் மூச்சு விடும். அதனால் சக்தியும் கூடும், மைலேஜும் கூடும் என்கிறார்கள். கேட்பதற்கு இது வெகு நியாயமாகத்தான் இருக்கின்றது. இதில் பாதி உண்மையும் இருக்கின்றது. அந்தப் பாதி உண்மையை முன்னால் நிறுத்திக்கொண்டுதான் மற்றப் பாதி விலையாகின்றது.

காற்றும் பெட்ரோலும்

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொல்லப்போனால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். இந்த விகிதத்தை இக்கால வண்டிகளில் ஒரு சிறு கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்ளுகின்றது. உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று ஒரு கருவி அளந்து சொல்லுகின்றது. வெளியே வரும் புகையில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்று சைலென்சர் குழாயிலுள்ள மற்றொரு கருவி சொல்லுகின்றது. இவ்விரண்டையும் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றது.

இப்போது யோசித்துப் பாருங்கள். எஞ்சினுக்குள் அதிகக் காற்று போனால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் அதற்குத் தகுந்தபடி அதிகப் பெட்ரோலையும் விடும். சக்தி கூடுகின்றதென்றால் அந்தச் சக்தி அந்த அதிகப் பெட்ரோலிலிருந்துதான் வருகின்றது. அப்படியிருக்க, அதிகக் காற்றை இழுத்துச் சக்தியைக் கூட்டும் அதே சாமான், அதே காரணத்தினால் பெட்ரோலையும் மிச்சப்படுத்தும் என்றால், அது உலையில் அரிசி அதிகம் போட்டதால் பானையிலும் அரிசி மிஞ்சியது என்று சொல்லுவது போன்றதேயாகும்.

சரி, சக்தி வேண்டாம், மூச்சு விடும் சிரமம் குறைவதாலேயே பெட்ரோல் மிச்சமாகாதா என்று கேட்கலாம். இதற்கு, பெட்ரோல் எஞ்சினை நாம் எப்படி அடக்கி ஓட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிப்பதென்பது, காற்று போகும் வழியிலுள்ள திராட்டில் என்ற கதவைத் திறப்பதேயாகும். ஒரு சிறு கார் சமமான சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராய்ப் போவதற்குச் சுமார் 10 முதல் 15 குதிரைச் சக்தியே போதும். அந்த எஞ்சினோ 80 குதிரைச் சக்தி கொடுக்கக்கூடியது. ஆகவே பெரும்பாலான நேரம் அந்தக் கதவு பெரும்பகுதி மூடியே இருக்கின்றது. அதாவது காற்றைத் தடுப்பவர் ஓட்டுகிற நாமேயாவோம். வேண்டுமென்றேதான் தடுக்கின்றோம்.

வாசற்கதவை நாமே முக்கால் பங்கு சாத்தி வைத்துக்கொண்டு, தெருக்கோடியிலுள்ள வளைவு குறுகலாயிருப்பதால்தான் வீட்டிற்குள் ஆள் வரவில்லையென்று அந்த வளைவைப் பணம் கொடுத்து இடித்து அகலப்படுத்துவதுபோல, திராட்டிலை மூடி ஓட்டும் வண்டிக்கு அகலமான ஏர் பில்டர் மாட்டுகிறோம். பில்டர் லேசாயிருந்தால் கதவைக் கொஞ்சம் குறைவாகத் திறப்போம்; பில்டர் கனமாயிருந்தால் கொஞ்சம் அதிகமாகத் திறப்போம். எஞ்சினுக்குள் போகும் காற்று இரண்டிலும் ஒன்றே. பெட்ரோலும் ஒன்றே.

பரீட்சை செய்து பார்த்தவர்கள் கண்டது

இது வெறும் தர்க்கமல்ல. அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்திலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தார் இதைப் பரீட்சை செய்து 2009-ல் அறிக்கை வெளியிட்டார்கள். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடும் புதுவகைக் கார்களில் ஏர் பில்டரை வேண்டுமென்றே அடைத்தும், பிறகு புதிது மாட்டியும் ஓட்டிப் பார்த்தார்கள். மைலேஜில் சொல்லத்தக்க வித்தியாசம் ஒன்றும் காணப்படவில்லை. ஆனால் ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்து வேகமெடுப்பதில் மாத்திரம், அடைபட்ட பில்டரைவிடப் புது பில்டர் 6 முதல் 11 சதவிகிதம் வரை தேவலையாயிருந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் அடைப்பை நீக்கினால் மைலேஜும் சில சதவிகிதம் கூடும் என்பதும் உண்மையே. "பில்டரைச் சுத்தம் செய்தால் மைலேஜ் வரும்" என்ற பேச்சு அந்தக் காலத்து வண்டிகளுக்குப் பொருந்தியது. வண்டி மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை.

கவனியுங்கள்! தூசியால் அடைபட்ட பில்டருக்கும் புது பில்டருக்குமே மைலேஜில் வித்தியாசமில்லை என்றால், சுத்தமான கம்பெனி பில்டருக்கும் அதைவிடப் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கும் பளபளப்பான பில்டருக்கும் என்ன வித்தியாசம் இருந்துவிட முடியும்?

அன்றியும், அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா, பெட்ரோலை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட 100-க்கு மேற்பட்ட சாமான்களைப் பல ஆண்டுகளாகப் பரிசோதித்திருக்கின்றது. அவற்றில் மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியது ஒன்றுகூட இல்லை. சில சாமான்கள் புகையின் கெடுதியை அதிகமாக்கியதுதான் மிச்சம்.

சக்தி கூடுமா?

நிற்க, சக்தியைப் பற்றிச் சொல்லுவோம். இதில் நாம் ஒரே அடியாக இல்லையென்று சொல்லவரவில்லை. குளிர்ந்த காற்று கனமானது. 57 டிகிரி சூடுள்ள காற்றைவிட 27 டிகிரி காற்று சுமார் 10 சதவிகிதம் அடர்த்தியானது. ஆகவே ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்து, எஞ்சின் மிக வேகமாய்ச் சுற்றும்போது, குளிர்ந்த காற்றும் தாராளமான குழாயும் கொஞ்சம் சக்தியைக் கூட்டும் என்பது உண்மையே. பந்தய வண்டிக்காரர்கள் வால்வு, காம்ஷாப்ட், கம்ப்யூட்டர், புகைக்குழாய் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாய் மாற்றி நல்ல பலன் காண்கிறார்கள். டர்போ வைத்த எஞ்சினிலும் தடை குறைவதன் பலன் சற்று அதிகமாயிருக்கும்.

ஆனால் கடையில் நடப்பதென்ன? தொழிற்சாலையார் அநேகமாய்க் காரின் முன்பக்கத்திலிருந்தோ, சக்கர மறைவுக்குள்ளிருந்தோ வெளிக்காற்று வரும்படியாகவே குழாய் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு, குடை காளான் போன்ற ஒரு திறந்த பில்டரை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறார்கள். அது எந்தக் காற்றை இழுக்கும்? பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றைத்தான் இழுக்கும். குளிர்ந்த காற்று என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு சூடான காற்றைக் கொடுப்பதற்குப் பெயர் என்னவென்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சைலென்சர் சங்கதியும் இப்படியே. எஞ்சினுக்குப் பின்னழுத்தம் கட்டாயம் வேண்டும் என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள். குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று மற்றொரு சாரார் சொல்லுகிறார்கள். இரண்டும் தப்பு. அழுத்தம் எஞ்சினுக்கு ஒருபோதும் நன்மை செய்வதில்லை. ஆனால் புகை ஒரே சீராய் வெளியேறுவதில்லை. விட்டுவிட்டுத் துடிப்பாய் வருகின்றது. அளவான குழாயில் அது வேகமாய் ஓடும்போது, தனக்குப் பின்னால் வரும் புகையையும் இழுத்துக்கொண்டு போகின்றது. குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் வேகம் குறைந்து அந்த இழுப்பும் போய்விடுகின்றது. அதனால் சந்து பொந்துகளில் மெதுவாய்ப் போகும்போது இழுவை குறைந்து, ஊருக்கு வெளியே விரட்டும்போது மாத்திரம் கொஞ்சம் கூடும். நாள் முழுவதும் நகரத்து நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு இது லாபமா நஷ்டமா?

பின் ஏன் சத்தியம் செய்கிறார்கள்?

"நான் மாட்டியிருக்கிறேன், வண்டி பறக்கின்றது" என்று சொல்லுகிறவர்கள் எல்லோரும் பொய்யர்களா என்றால், இல்லை. அவர்கள் காதால் கேட்டதை உடம்பால் உணர்ந்ததாக நினைக்கிறார்கள். ஒரு குதிரைச் சக்தி என்பது சுமார் 746 வாட். காது வலிக்கும்படியான சைலென்சர் சத்தத்தில் இருக்கும் சக்தியோ ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் போகாது. முழங்குவதெல்லாம் இழுக்காது, தோழர்களே!

தவிரவும், புதுச் சாமான் மாட்டியவர் அதைச் சோதிக்கும் எண்ணத்தோடு நிதானமாய் ஓட்டுகிறார். மாட்டும் அன்றே ஆயிலும் பிளக்கும் மாற்றிக்கொள்ளுகிறார். டயருக்குக் காற்றும் பிடித்துக்கொள்ளுகிறார். பிறகு மைலேஜ் ஒன்றிரண்டு கூடினால் பெயர் சைலென்சருக்குப் போகின்றது. பதினைந்தாயிரம் கொடுத்தவருக்கு, பிரயோஜனமில்லை என்று ஒப்புக்கொள்ள மனமும் வருவதில்லை.

உண்மை தெரியவேண்டுமானால் வழியிருக்கின்றது. பழைய சாமானோடு ஐந்தாறு டாங்கி பெட்ரோல், புதுச் சாமானோடு ஐந்தாறு டாங்கி, மறுபடியும் பழையதோடு ஐந்தாறு டாங்கி, ஒரே பங்கில், ஒரே வழியில், ஒரே டயர் காற்றில் ஓட்டி எழுதி வையுங்கள். புதியதைக் கழற்றியதும் மைலேஜ் குறைந்து பழைய நிலைக்கு வந்தால் ஒப்புக்கொள்ளலாம். இப்படிச் செய்யச் சம்மதிக்கும் வியாபாரியிடம் வாங்குங்கள்.

ஒரு வாதத்திற்காக மைலேஜ் 2 சதவிகிதம் கூடுவதாகவே வைத்துக்கொள்ளுவோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு மாதம் சுமார் 67 லிட்டர் செலவு. அதில் 2 சதவிகிதம் ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று அதிகம். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 133 ரூபாய் மிச்சம். 15,000 ரூபாய் முதல் திரும்பி வர 9 வருஷத்திற்கு மேலாகும். அதற்குள் அந்தக் குழாயே துருப்பிடித்துப் போகும்.

பிறர் மூச்சு

கடைசியாக ஒன்று. சிலர் சைலென்சரோடு கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் அடைப்பென்று சொல்லிக் கழற்றிவிடுகிறார்கள். அது அடைப்பல்ல. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற உலோகங்கள் பூசிய அந்தச் சிறு பெட்டிதான் கார்பன் மோனாக்ஸைடு முதலிய விஷவாயுக்களைப் பெரும்பாலும் கெடுதியற்றதாக மாற்றி வெளியே விடுகின்றது. அமெரிக்காவில் அது 1975-ம் வருஷத்து மாடல்களிலிருந்து வழக்கத்திற்கு வந்தது. இந்தியாவில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு 1995-ல் கட்டாயமாக்கப்பட்டது. ஒரு எஞ்சின் தாராளமாய் மூச்சு விடுவதற்காக ஒரு தெருவே மூச்சுத் திணறவேண்டுமென்பது என்ன நியாயம்? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தொழிற்சாலையார் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் அதை உறுதிப்படுத்தியிருக்கின்றது. சட்டம் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரனும் நம்மைப்போல் மனிதன் என்ற எண்ணம் ஒன்றே போதாதா?

பெட்ரோல் மிச்சமாக வேண்டுமானால் காசில்லாத வழிகள் இருக்கின்றன. திடீரென்று விரட்டுவதும் திடீரென்று பிரேக் போடுவதும் நகர நெரிசலில் மைலேஜை 10 முதல் 40 சதவிகிதம் வரை குறைக்கக்கூடும் என்று அமெரிக்க அரசாங்கத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். டயர் காற்றைச் சரியாய் வைத்தால் 3 சதவிகிதம் வரை தேறும். நாம் முன் சொன்ன பிராணவாயு அளக்கும் கருவி பழுதாகியிருந்தால், அதை மாற்றுவதாலேயே 40 சதவிகிதம் வரைகூட மைலேஜ் திரும்பக்கூடும். இவற்றை ஏன் யாரும் விளம்பரம் செய்வதில்லை? நிதானத்தைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது என்பதுதான் காரணம்.

ஆகவே தோழர்களே! நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக இதை நம்பிவிடவேண்டாம். விற்கிறவர் சொல்லுகிறார் என்பதற்காக அதையும் நம்பவேண்டாம். பென்சிலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வண்டியில் வைத்துக்கொண்டு, உங்கள் கணக்கை நீங்களே எழுதி, அந்தக் கணக்கு எதைச் சொல்லுகின்றதோ அதன்படி நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லி நமது பேச்சை முடித்துக்கொள்ளுகின்றோம்.