சதுரங்கமும் கைப்பேசியும்



2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக வாகை சூடினார். இறுதியான 14ஆம் ஆட்டத்தின் 55ஆம் நகர்த்தலில் டிங் லிரென் கோட்டையைப் பிழைபட வைத்ததை, ஆட்டம் பதிவு செய்யப்பெற்றமையால் அன்றோ ஒலவக்கோட்டுக் காலனியில் இருந்துகொண்டே நாமும் காண்கிறோம்! நம் பிள்ளைகளின் ஆட்டங்களோ, காய்களைப் பெட்டியில் இட்டதும் மறைகின்றன. தோற்ற பிள்ளை, எங்கே தோற்றது என அறியாமலே மறுநாளும் தோற்கிறது.

லிசெஸ் என்னும் செயலிக்குக் கட்டணமில்லை. நகர்த்தல்களை அதில் இட்டால் ஆட்டம் திரும்பிய இடத்தைக் காட்டும். கூடவே விடையையும் சொல்லிவிடும், அதுதான் தொல்லை! பிள்ளை முதலில் தானே தேடட்டும். பின்னர்ப் பொறியைக் கேட்கட்டும். மேலும், நெடுநேரப் பந்தயங்களில் கைப்பேசிக்கு இடமில்லை. ஆடுபவரே எழுதியாக வேண்டும். ஆகவே சங்கப் போட்டியில் பலகைதோறும் தாளும் பென்சிலும் வைக்க வேண்டுகிறோம். பென்சில்களை நாமே தருவோம். இரயில்வேப் பென்சில்கள் அல்ல!