படையலில் பாட்டிக்குப் பிடித்தது என்ன?

(தாம்பரம் பகுதி குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் 2 வேலைநாளாக வந்தால் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். கல்லறைத் திருநாளுக்குப் போன பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். ஆடி அமாவாசையிலும் மகாளய அமாவாசையிலும் வேறு சிலர் வர மாட்டார்கள். பராஅத் இரவில் அத்தாவோடு கபர்ஸ்தானுக்குப் போய்வந்த பிள்ளை மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும். நாம் பதிவேட்டில் குறித்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுகிறோம். அவர்கள் எங்கே போய்வந்தார்கள் என்பதே ஒரு பாடம். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் தினமும் ரயிலில் கடக்கிற பல்லாவரத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரீ சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார். அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்த, தொட்டி போன்ற பேழைகள். இத்தகையவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இறந்தவரைச் சும்மா விட்டுவிடக் கூடாது என்று இந்த மண்ணில் பெருங்கற்காலத்திலேயே நினைத்திருக்கிறார்கள். போரில் மாண்டவனுக்குக் கல் தேடுவதிலிருந்து அதை நட்டு வாழ்த்துவது வரைக்கும் தொல்காப்பியம் முறை வகுக்கிறது. இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரில் தென்புலத்தாரையே முதலில் வைக்கிறார் வள்ளுவர். மூதாதையர் என்றே அதற்கு உரை சொல்வார்கள்.

இப்போது மாமல்லபுரத்துக்கு வாருங்கள். நம் பிள்ளைகள் சுற்றுலா போகிற ஊர். ஆடி அமாவாசை விடியலில் அதே கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்களைக் காணலாம். பத்து மணிக்கெல்லாம் அந்த இடத்தில் ஐஸ்கிரீம் வண்டி நிற்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்த கரையும் இதுதான். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நம் மீனவ மக்கள் கடலில் பாலும் பூவும் விடுகிறார்கள். இன்று நம் வகுப்பில் இருக்கும் எல்லாரும் அதற்குப் பின் பிறந்தவர்கள். யாராவது சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

மெக்சிகோவிலும் இப்படித்தான். நவம்பர் 1 இறந்துபோன குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. வீட்டில் படம் வைத்து, தண்ணீர், உப்பு, ரொட்டி, அவர் விரும்பிய சாப்பாடு, குடித்திருந்தால் அதுவும். நம் வீட்டுப் படையலில் சுருட்டு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 2008இல் யுனெஸ்கோ இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வேடிக்கையும் உண்டு. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் காட்டிய பெரிய ஊர்வலம், அதுவரை மெக்சிகோ நகரில் நடக்காத ஒன்று. படம் பார்த்து வெளியூர்க்காரர்கள் தேடிவருவார்கள் என்று 2016இல் நிஜமாகவே நடத்த ஆரம்பித்தார்கள். சுற்றுலா ஒரு சடங்கை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று பூ. அவர்கள் வைப்பது நம் செண்டுமல்லி. அதன் தாயகமே மெக்சிகோ. கடல் கடந்துதான் நம்மிடம் வந்தது. அங்கே இறந்தவர் வழி தெரிந்து வீட்டுக்கு வர அந்த இதழைத் தூவுகிறார்கள். நாம் இறுதி ஊர்வலத்தில், அவர் போகிற வழியில் பூ தூவுகிறோம்.

வகுப்பில் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "உங்கள் வீட்டில் காலமான ஒருவருக்கு எது பிடிக்கும்? பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்." கேழ்வரகுக் கூழ், நெத்திலிக் கருவாடு, வெற்றிலை, ரேடியோவில் பழைய பாட்டு என்று வரும். எந்த ஊரிலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்பதும் கூடவே வரும். ஊர் வரலாறு அங்கிருந்து தொடங்கிவிடும்.

"இழவுப் பேச்சு வகுப்பில் எதற்கு சார்?" என்று உடன் பணிபுரியும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். 2021இல் கொரோனாவில் அம்மாவை இழந்தவன். அவன் எழுதியது ஒரே வரி: அம்மாவுக்கு டீயில் பன் தோய்த்துச் சாப்பிடப் பிடிக்கும். அதற்கு முன் அவன் அம்மாவைப் பற்றிப் பள்ளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இழவு ஏற்கெனவே வகுப்பில்தான் இருக்கிறது, பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்று அந்த நண்பரிடம் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

சில எச்சரிக்கைகள். யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள், எழுத விரும்பாதவருக்கு வேறு வேலை கொடுங்கள். பிள்ளை கேட்காமல் தாளைச் சத்தமாகப் படிக்காதீர்கள். போட்டோ கொண்டுவரச் சொல்லாதீர்கள், எல்லா வீட்டிலும் இருக்காது. சமீபத்தில் துக்கம் நடந்த வீடு என்றால் முதலில் தனியாகப் பேசுங்கள். இன்னொன்றும் வரும்: "எங்களுக்கு ஏன் சார் வேறு சுடுகாடு?" அந்தக் கேள்வியை நழுவவிடாதீர்கள். சாதி அங்கேயும் கூடவே போகிறது, அது தவறு, சட்டத்துக்கும் புறம்பு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நாம் மழுப்பினால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒரு பாடவேளை போதும். ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியலில் செய்யலாம், தமிழிலும் செய்யலாம். தொடக்க வகுப்புகளுக்கு எழுத்து வேண்டாம், படம் வரையச் சொன்னால் போதும். வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்துக் கதவோரம் மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.