செல்போன் ஊமையான இரண்டு நாள்
(ஆஸ்டின் டவுனில் நடந்த மாதக் கூட்டத்தில் பேசியது)



2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! வண்டியில் இருந்த ஏறக்குறைய 800 பேரும் தப்பினார்கள்.

ஆனால் உயிரோடிருக்கிறோம் என்ற சேதியை வீட்டுக்குச் சொல்லத்தான் திண்டாட்டம். எல்லார் பையிலும் செல்போன். சார்ஜ் தீர்ந்தது, டவர் கிடைக்கவில்லை. அந்தச் சீமையில் உறவு வைத்திருந்தவர்கள் இங்கே பெங்களூரில் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்ற குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள் இருந்ததைப் பொங்கிப் போட்டார்கள். மணியாச்சிக்குக் கொண்டுபோய் வேறு வண்டி ஏற்றியது 19-ஆம் தேதிதான்.

டவர் என்பது என்ன? கரண்டில் ஓடும் இயந்திரம். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல். டீசலைச் சுமந்து போக ரோடு வேண்டும், ஒரு தொழிலாளி வேண்டும். அவர் வீடும் அதே வெள்ளத்தில்தான் இருக்கும், தோழர்களே! 2023-இல் சர்க்கார் சோதித்துப் பார்த்தார்களே, போனில் அலறும் எச்சரிக்கை, அதுவும் டவர் வழியாகத்தான் வரவேண்டும்.

பழைய காலமே மேல் என்று நான் சொல்லவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சரை எந்த ரயில்வேக்காரனும் மறக்கமாட்டான். புயலில் சிக்னல் கெட்டது. கடல் ஏறிவிட்டது என்று டிரைவருக்குச் சொல்ல வழியில்லை. 115 பேர் மாண்டார்கள் என்பது அன்றைய கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறிய ஏழைகள் அதில் சேரவில்லை.

2004 சுனாமியில் அந்தமானில் டெலிபோன் செத்தபோது, ஹாம் ரேடியோக்காரர்கள் பேட்டரியை வைத்துக்கொண்டு சேதி கடத்தினார்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கவேண்டும். முகாமில் இருப்போர் பெயர்ப் பட்டியலைப் போலீஸ் வயர்லெஸ்ஸில் வெளியூருக்கு அனுப்பு, ஸ்டேஷன் பலகையில் ஒட்டு என்று கலெக்டர்களுக்கு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போடுங்கள்.

மேசைமேல் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் ஊர், பக்கத்து ஸ்டேஷன், ஊரில் மாடிவீடு யாருடையது, அடுத்த ஊரில் விசாரித்துச் சொல்லக்கூடிய ஒரு உறவினர் என எல்லாவற்றையும் பதியுங்கள். நம்பரைக் காகிதத்திலும் எழுதி வீட்டில் வையுங்கள். போனுக்குள் இருக்கும் நம்பர் நம் யாருக்கும் மனப்பாடம் கிடையாது. எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு நானே எழுதித் தருகிறேன். எட்டரை மணி வரை இங்கேதான் இருப்பேன்.