நிற்பதற்கு 320 அடி



இன்று நாம் ஒரு பந்தயத்தைப் பற்றிச் சிந்திப்போம். நம்மில் பலர் நேரில் பார்த்திராத பந்தயம். அமெரிக்காவில் 'டிராக் ரேசிங்' என்கிறார்கள். வளைவு இல்லை, சுற்றிச் சுற்றி வருவதும் இல்லை. நேரான ஒரு தளத்தில் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்குக் கம்பத்தில் பச்சை எரிந்ததும் சீறிப் பாயும். முதலில் கோட்டைத் தொடுபவருக்கு வெற்றி. நாம் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்குமுன் பந்தயமே முடிந்துவிடும்.

இது தொடங்கிய காரணத்தைச் சொன்னால் பெற்றோருக்குப் புரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய கார்களின் இயந்திரத்தை மாற்றியமைத்து, பொதுச் சாலைகளில் போட்டி போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். அவர்களை அதட்டித் திருத்த முடியவில்லை. வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் வேறு வழி யோசித்தார். 'ஓட்டாதே' என்று சொல்வதைவிட, ஓட்டுவதற்கு ஓர் இடமும் ஒழுங்கும் கொடுப்போம் என்று 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். கால் மைல் தூரம், அதாவது 1320 அடி, பந்தய அளவானது.

இடம் கிடைத்ததும் வேகத்தின் மேல் ஆசை வந்தது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த டான் கார்லிட்ஸ் 1964இல் நியூ ஜெர்சியில் மணிக்கு 201 மைல் வேகம் காட்டினார். நம் கணக்கில் 324 கிலோமீட்டர். 28 ஆண்டுகள் கழித்து, 1992 மார்ச்சில், கென்னி பெர்ன்ஸ்டைன் 300 மைலைத் தாண்டினார். 2005இல் டோனி ஷூமாக்கர் 337 மைலைத் தாண்டினார். அதே கால் மைல், அதே நேர்கோடு. இன்றைய வண்டிகள் நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளைக் குடித்து ஏறத்தாழ 11,000 குதிரைத்திறன் தருகின்றன. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 மைலை எட்ட ஒரு வினாடிகூட ஆவதில்லை. அந்தச் சில வினாடி ஓட்டம் முடிந்ததும் இயந்திரத்தைக் கழற்றிப் பிரித்து மறுபடி பூட்ட வேண்டும். அடுத்த சுற்றுக்குள் அதைச் செய்து முடிக்கிற பணியாளர்களின் பெயர் சாதனைப் பட்டியலில் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுவோம்.

சாதனைக்கு ஒரு விதியும் வைத்திருந்தார்கள், நமக்குப் பிடித்த விதி. ஒருமுறை வேகம் காட்டினால் போதாது. அதே போட்டியில் அதற்கு நூற்றுக்கு ஒரு பங்குக்குள் நெருங்கிய இன்னொரு ஓட்டத்தையும் காட்ட வேண்டும். காற்றும் அதிர்ஷ்டமும் ஒரு நாள் கைகொடுத்திருக்கலாம் அல்லவா? ஒற்றைச் சாட்சியை நம்பாத பழைய நீதிமன்ற வழக்கம்போல் இருக்கிறது இது.

இனி, இந்த வேகத்துக்குக் கொடுத்த விலையைப் பார்ப்போம். கார்லிட்ஸ் 1970 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் புறப்பட்ட கணத்திலேயே வண்டியின் பற்சக்கரப் பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. வேடிக்கை பார்க்க வந்த ஓர் இளைஞரும் பலத்த காயமடைந்தார். அந்தக் காலத்து வண்டிகளில் இயந்திரம் முன்னால் இருக்கும். ஓட்டுபவர் அதற்குப் பின்னால் காலை அகட்டி உட்கார்ந்திருப்பார். வெடித்தால் நெருப்பும் எண்ணெயும் முகத்தில் அடிக்கும். படுக்கையில் கிடந்த கார்லிட்ஸ் இயந்திரத்தைப் பின்னால் வைத்தால் என்ன என்று யோசித்தார். அப்படி முயன்றவர்கள் முன்பும் இருந்தார்கள். ஆனால் நேராக ஓட்ட முடியவில்லை. அவரும் அவருடைய குழுவினரும் விடாமல் சரிசெய்து, 1971இல் அந்த வண்டியோடு பந்தயங்களை வென்றார்கள். சில ஆண்டுகளில் எல்லாரும் அந்த வடிவத்துக்கு மாறிவிட்டார்கள். ஊனமான ஒரு பாதத்திலிருந்து எத்தனையோ முகங்களுக்குக் காவல் கிடைத்தது.

இன்னொரு விலை திருப்பித் தர முடியாதது. 2008 ஜூன் 21. நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுன். ஸ்காட் கலிட்டா, வயது 46, இரண்டு முறை சாம்பியன், பந்தயக்காரர் கானி கலிட்டாவின் மகன். தகுதிச் சுற்றில் எல்லைக்கோட்டை நெருங்கும்போது இயந்திரம் வெடித்துத் தீப்பற்றியது. வேகத்தைக் குறைக்க வேண்டிய பாராசூட்டுகள் பயன்படவில்லை. வண்டி மணற்பரப்பையும் கடந்து போய் மோதியது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. முந்தின ஆண்டுதான் எரிக் மெட்லன் என்ற இளம் ஓட்டுநர் சோதனை ஓட்டத்தில் அடிபட்டு இறந்திருந்தார்.

பதினொரு நாள்களில் சங்கம் ஒரு முடிவை அறிவித்தது. நைட்ரோ வண்டிகளுக்கு இனி 1320 அடி இல்லை, 1000 அடி. மீதி 320 அடி நிற்பதற்கு.

நேயர்களே, அந்த 320 அடி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் அதைக் கடக்க ஒரு வினாடிகூட ஆகாது. ஆனால் அவர்கள் விட்டுக்கொடுத்தது சிறிய காரியம் அல்ல. கால் மைல் என்பது அவர்களுக்கு அரை நூற்றாண்டுப் பாரம்பரியம். பழைய சாதனைகள் எல்லாம் அந்த அளவில் எழுதப்பட்டவை. அளவை மாற்றினால் தாத்தாவின் வேகத்தையும் பேரனின் வேகத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 'இது தற்காலிகம், பழைய தூரம் திரும்பி வரும்' என்று பலர் காத்திருந்தார்கள். வரவில்லை. ஜூலையில் டென்வரில் முதன்முறையாக 1000 அடியில் ஓடினார்கள். இன்றும் அப்படியே ஓடுகிறார்கள்.

ஆசை அடங்கிவிட்டதா என்றால், இல்லை. 2017இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் ராபர்ட் ஹைட் அந்தக் குறைந்த தூரத்திலேயே 339.87 மைல், அதாவது 547 கிலோமீட்டர் வேகம் காட்டினார். முழு கால் மைலில் ஷூமாக்கர் எட்டியதைவிடவும் அதிகம். பின்னர் 340உம் தாண்டப்பட்டது. தூரத்தைக் குறைத்தது வேகத்தைக் குறைப்பதற்காக என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்த 320 அடி அங்கேயேதான் இருக்கிறது. பாராசூட் விரியத் தாமதித்தாலும், நெருப்பில் கண் மறைந்தாலும், ஒரு மனிதன் கைக்கு எட்டுவதைப் பிடித்துத் தப்பிக்க அந்தக் கணம் அவனுக்கு உண்டு.

அந்தத் திடல்களில் ஞாயிறு காலை வழிபாடும் நடக்கிறது. ஓடுதளத்துக்குப் போகுமுன் ஓட்டுநரின் அருகில் நின்று செபிக்கிற போதகர்கள் இருக்கிறார்கள். தலைக்கவசத்துக்குள் இருக்கிற முகத்துக்கு அப்போது என்ன தோன்றும் என்று நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. சாதனை வேண்டும் என்றா, வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றா?

ஸ்காட்டின் ஒன்றுவிட்ட சகோதரர் டக் கலிட்டா அந்த மரணத்துக்குப் பின்னும் பந்தயத்தை விடவில்லை. சாம்பியன் பட்டம் பலமுறை கைக்கெட்டும் தூரத்தில் நழுவியது. 2023இல், ஸ்காட் போய் 15 ஆண்டுகளுக்குப் பின், கலிபோர்னியாவின் பொமோனாவில் அதை முதன்முறையாக வென்றார். ஓடியது 1000 அடி. கோட்டைக் கடந்து, பாராசூட்டுகள் இரண்டும் விரிந்து, வண்டி மெல்ல ஊர்ந்து நின்றது.